மரணசாசனம் எழுதுமுன் காணிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஐயா 2018இல் காலமானார். அவர் விட்டுப் போனவை குளத்துக்குக் கீழே இரண்டரை ஏக்கர் வயல், வீடு நிற்கும் முக்கால் ஏக்கர் மேட்டுக்காணி, ஒரு பழைய உழவு இயந்திரம், பதினாறு மாடுகள். இவற்றோடு ஒரு கொப்பித் தாளும் இருந்தது. வயலும் மாடும் தங்கைக்கு, வீட்டுக்காணி மூன்று பிள்ளைகளுக்கும் என்று தன் கையாலேயே எழுதி ஒப்பமிட்டிருந்தார். அயலவர் இருவர் சாட்சிக் கையெழுத்து வைத்திருந்தார்கள். சமாதான நீதவான் ஒருவரின் இறப்பர் முத்திரையும் அதில் இருந்தது. பார்ப்பதற்கு நல்ல வடிவான பத்திரம்.

சட்டத்தின் கண்ணில் அது வெறும் கொப்பித் தாள். வயல் அரசாங்கம் கொடுத்த அளிப்புக் காணி. பத்திரத்தில் அம்மாவைப் பின்னுரித்தாளராக, அதாவது ஐயாவுக்குப் பின் காணியைப் பெறுபவராகப் பதிந்திருந்தார்கள். அம்மா 2011இலேயே போய்விட்டார். அதன் பிறகு ஐயா வேறொரு பெயரைப் பதியவில்லை. ஆகவே அன்றைய சட்ட வரிசைப்படி வயல் மூத்த மகனான எனக்கு வந்தது. நான் வவுனியாவில் சம்பளத்துக்கு வேலை செய்பவன், வரம்பு கட்டத் தெரியாதவன். ஐயாவைக் கடைசிவரை பார்த்ததும் அந்த வயலை விதைத்ததும் தங்கை. அதை அவள் பெயருக்கு மாற்றி முடிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் போயின. ஒரே அலுவலகத்துக்குப் பதினொரு தடவை போனேன். ஒருமுறை கோப்பையே காணவில்லை என்றார்கள்.

ஐயா உயிரோடு இருந்தபோது ஒரு நாள் காலையில் போய்ச் செய்திருக்கக்கூடிய வேலை இது. அந்த ஒரு நாளை உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தரத்தான் இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. உங்கள் கோப்புக்கான கடைசி வார்த்தையை உங்கள் நொத்தாரிசும் (உறுதியும் மரணசாசனமும் எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) காணி உத்தியோகத்தரும்தான் சொல்ல வேண்டும். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லித் தருகிறேன்.

1. பத்திரங்களைப் பாயில் பரப்பி மூன்றாகப் பிரியுங்கள்

மரணசாசனம் எழுத வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் நொத்தாரிசைத் தேடி ஓடுகிறார்கள். வன்னியில் அது இரண்டாவது வேலை. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஒரே குடும்பத்திடம் இரண்டு மூன்று வகைக் காணி இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் வழி வேறு.

முதலாவது உறுதிக் காணி. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்த விற்பனை, நன்கொடை, சீதன உறுதிகள் உள்ளவை. இவற்றை நீங்கள் மரணசாசனத்தில் எழுதலாம்.

இரண்டாவது, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தரப்பட்ட காணி. முதலில் அனுமதிப்பத்திரம் கொடுப்பார்கள், அதைத்தான் நாம் ‘பெர்மிட்’ என்கிறோம். பின்னர் அது அளிப்புப் பத்திரமாக மாறும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த வயலும் மேட்டுக்காணியும் பெரும்பாலும் இந்த வகை. அளிப்புப் பத்திரத்தில் அரச முத்திரையும் சனாதிபதியின் ஒப்பமும் இருப்பதால் பலர் அதையும் ‘உறுதி’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். குழப்பம் தொடங்குவது அங்கேதான். பத்திரத்தில் இந்தக் கட்டளைச் சட்டத்தின் பெயர் இருக்கிறதா, பின்னுரித்தாளர் என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இரண்டாவது வகை.

மூன்றாவது வகையில் ஒரு துண்டும் இருக்காது. அல்லது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் அனுமதி மட்டும் இருக்கும். முப்பது ஆண்டு ஆட்சி செய்திருந்தாலும் இதைப் பிள்ளைக்கு எழுதி வைக்க உங்களிடம் ஒன்றும் இல்லை. முதலில் பிரதேச செயலகத்தில் காணிக்கு விண்ணப்பித்து ஒரு பத்திரம் எடுக்கப் பாருங்கள். காணிக் கச்சேரி, அதாவது விண்ணப்பித்தவர்களை நேரில் விசாரிக்கும் கூட்டம், நடக்கும்போது ஆள் அங்கே நிற்க வேண்டும்.

2. தொலைந்த பத்திரத்துக்கு மாற்று எடுத்தல்

இடப்பெயர்வில் சூட்கேசோடு போன உறுதிகளுக்குக் கணக்கில்லை. உறுதி கைவிட்டுப் போனதால் காணி போய்விடுவதில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். அங்கே விண்ணப்பித்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். தோம்புப் பிரதியையும் சேர்த்து எடுங்கள். காணி யார் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அடைமானம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், திகதி, காணியின் பெயர், கிராமம், பரப்பு. இவற்றில் எது தெரிந்தாலும் தேடுவார்கள், ஆனால் எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நாள் எடுக்கும். பழைய வங்கிக் கடன் கோப்பு, அயல் காணிக்காரரின் உறுதியில் உள்ள எல்லை விவரம், பிரதேச சபை வரிச் சீட்டு ஆகியவற்றிலிருந்து இலக்கம் கிடைத்த வீடுகள் எனக்குத் தெரியும். கிளிநொச்சிக் காணி என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த மாவட்டம் 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய பதிவைத் தேடும்போது எந்தப் பதிவகத்தில் ஏடு இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். நான் கேட்காமல் ஏறி ஒரு நாளை வீணாக்கினேன்.

பதிவகக் கட்டணம் சிறியது. போக்குவரத்தும் தொழில் இழந்த நாட்களும்தான் செலவு. வெளியில் நிற்கும் தரகர் ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்பார். விண்ணப்பப் படிவம் ஒரு பக்கம்தான், நீங்களே நிரப்பலாம்.

அளிப்புப் பத்திரமோ பெர்மிட்டோ தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடும் கிராம அலுவலரின் கடிதத்தோடும் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். அங்கே காணிப் பேரேடு இருக்கும். ஐயாவின் பெயர் அதில் எழுத்துப் பிழையோடு இருந்தது. அடையாள அட்டையில் ஒரு விதம், பேரேட்டில் ஒரு விதம், பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு விதம். இது உங்களுக்கும் வரும். ஆள் உயிரோடு இருக்கும்போது ‘இரண்டு பெயரும் ஒருவரே’ என்று ஒரு சத்தியக்கடதாசியோடு முடியும் காரியம், ஆள் போன பின் மாதக் கணக்கில் இழுக்கும்.

3. அளிப்பு, பெர்மிட் காணிக்குப் பின்னுரித்தாளரைப் பதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணிக்கு வேறு எந்த வாரிசுரிமைச் சட்டமும் செல்லாது என்று அதன் 170ஆம் பிரிவு சொல்கிறது. வட மாகாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் இங்கே செல்லாது, எல்லாப் பிள்ளைக்கும் சம பங்கு என்ற பொதுவான எண்ணமும் செல்லாது. மரணசாசனத்தில் ‘வயலில் ஒரு ஏக்கர் இவனுக்கு, ஒன்றரை ஏக்கர் அவளுக்கு’ என்று பிரித்து எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அந்தக் காணி யாருக்குப் போகும் என்பதைப் பதிவு செய்த பின்னுரித்தாளர் நியமனம் தீர்மானிக்கட்டும்.

செய்யும் முறை எளிது. நியமனப் படிவம் மூன்று பிரதிகளில் ஒப்பமிடப்பட வேண்டும். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் இதைச் செய்யலாம். கொண்டுபோக வேண்டியவை அளிப்பு அல்லது அனுமதிப்பத்திரத்தின் மூலம், உங்கள் அடையாள அட்டை, திருமணப் பதிவுச் சான்று, யாரைப் பிரேரிக்கிறீர்களோ அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல். எல்லாவற்றுக்கும் இரண்டு நிழற்பிரதி எடுத்துவைத்தால் செயலகத்துக்கு முன்னுள்ள கடையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

இனிப் பொறிகள்.

ஒப்பமிட்டது போதாது. நியமனம் காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும், அதுவும் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே. படிவத்தில் ஒப்பமிட்டு, அது கோப்புக்குள்ளேயே கிடந்து, ஆள் காலமான வீடுகள் உண்டு. ஆகவே ஒப்பமிட்ட நாளிலிருந்து ஒரு மாதம் கழித்துப் போய், ‘பதிவு இலக்கத்தைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். காட்டினால் குறித்துக்கொள்ளுங்கள்.

விரும்பிய யாரை வேண்டுமானாலும் நியமிக்க முடியாது. வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், சகோதரர் என்று சட்டம் பட்டியலிட்ட உறவுக்குள்தான் நியமிக்கலாம். நல்ல மனிதர் என்பதற்காகக் கூட்டாளியை எழுத இயலாது.

பிள்ளையை நியமித்தாலும், துணை உயிரோடு இருந்தால் முதலில் அவர்தான் காணியில் இருப்பார். ஆனால் பின்னுரித்தாளராக நியமிக்கப்படாத துணைக்கு அதை விற்கவோ வேறு ஆளை நியமிக்கவோ அதிகாரம் இல்லை. மறுமணம் செய்தால் காணி நியமிக்கப்பட்டவருக்குப் போகும். கணவனை இழந்த இளம் பெண்கள் நிறைந்த ஊர்களில் இது எவ்வளவு கொடிய நிபந்தனை என்று சொல்லத் தேவையில்லை. மனைவிக்கு முழு உரிமை போக வேண்டும் என்று விரும்பினால் அவரையே பின்னுரித்தாளராகப் பதியுங்கள்.

நியமனம் பெற்றவர் காலமானால் உடனே புதியவரைப் பதியுங்கள். எங்கள் வீட்டில் தவறியது இதுதான். அம்மாவின் எட்டுச் செலவுக்கு வந்த உறவினர்களில் எத்தனையோ பேர் எத்தனையோ ஆலோசனை சொன்னார்கள். இந்த ஒன்றை ஒருவரும் சொல்லவில்லை.

பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியை ஏற்று ஆட்சிக்கு வர வேண்டும். வரத் தவறினால் உரிமை கைநழுவும். வெளிநாட்டில் இருக்கும் மகனை எழுதுமுன் இதை யோசியுங்கள். மண்ணில் நிற்பவரை எழுதுவதே புத்தி.

நியமனமே இல்லாவிட்டால் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. முன்பு அதில் மகன் மகளுக்கு முந்தினான். எனக்கு வயல் வந்தது அந்த வரிசையால். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஆண் பெண் பாகுபாட்டை நீக்கியது. நல்லது. ஆனாலும் உங்கள் மனதில் இருக்கும் பிள்ளை யார் என்று சட்டத்துக்குத் தெரியாது.

வாழும்போதே அளிப்புக் காணியைப் பிள்ளைக்கு எழுத விரும்பினால் பிரதேச செயலாளரின் அனுமதியை எழுத்தில் முன்கூட்டியே பெற வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதிய உறுதி செல்லாது. எத்தனை துண்டாகப் பிரிக்கலாம் என்பதற்கும் அளிப்பிலேயே எல்லை போட்டிருக்கும்.

4. உறுதிக் காணியில் உங்களுடைய பங்கு எவ்வளவு?

மரணசாசனத்தில் உங்களுடையதை மட்டும்தான் எழுதலாம். உறுதியில் உங்கள் பெயர் தனியே இருக்கிறது என்பதால் முழுவதும் உங்களுடையது என்று ஆகிவிடாது.

வட மாகாணத் தமிழர்களுக்குத் தேசவழமை உண்டு. முதுசமாக வந்தது உங்களுடையது, சீதனமாக வந்தது பெண்ணுடையது. திருமணத்துக்குப் பின் பணம் கொடுத்துத் தேடியது தேடியதேட்டம். அது ஒருவர் பெயரில் வாங்கப்பட்டிருந்தாலும் மற்றவருக்கும் அதில் பங்கு வரக்கூடும். ஐயா கொப்பித் தாளில் வீட்டுக்காணி முழுவதையும் பிரித்திருந்தார். அதில் பாதி அம்மா காலமான நாளிலேயே வேறு வழியில் இறங்கத் தொடங்கியிருந்தது.

இன்னும் இரண்டு விடயம். திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை வாழும்போது விற்கவோ நன்கொடை கொடுக்கவோ தேசவழமைப்படி கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். மரணசாசனத்துக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. தன் சீதனக் காணியைத் தான் விரும்பியவருக்குக் கொடுக்க அவருக்கு உள்ள நேரான வழி இதுதான். அடுத்தது, சீதனம் வாங்கிப் போன மகளுக்கு, பெற்றோர் எதுவும் எழுதாமல் இறந்தால், மற்றப் பிள்ளைகளோடு பங்கு கேட்க வழி இராது. அவருக்கும் கொடுக்க விரும்பினால் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்குத் தேசவழமை இல்லை. பொதுச் சட்டப்படி, எழுதாமல் இறந்தால் துணைக்கு அரைவாசி, பிள்ளைகளுக்கு மிச்ச அரைவாசி. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் தனியான கட்டளைச் சட்டம் உண்டு. நொத்தாரிசிடம் முதல் கேள்வியாக ‘எனக்கு எந்தச் சட்டம்?’ என்று கேளுங்கள்.

உறுதியில் உள்ளவர் காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால் மேற்சொன்ன எதுவும் நேராக நடக்காது. மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்தால் வழி திறக்கும், ஆனால் அதை எடுக்க மனம் வராத தாய்மாரை எனக்குத் தெரியும், யாரும் அவர்களை வற்புறுத்தக் கூடாது. 2016இல் வந்த திருத்தம் காணாமல் போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்றைத் தந்தது. மரணத்தை ஒத்துக்கொள்ளாமலே உதவிகள் பெறவும் சொத்தைப் பராமரிக்கவும் அது பயன்படும். உரிமையை மாற்றித் தராது. இந்த நிலையில் உள்ளவர்கள் நேரே சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமின்றி உதவுவார்கள்.

5. மரணசாசனமா, நன்கொடை உறுதியா?

‘இப்போதே பிள்ளைக்கு எழுதிவிட்டால் பிறகு தொல்லை இல்லை’ என்று ஊரில் சொல்வார்கள். சொல்பவர் பெரும்பாலும் அந்தப் பிள்ளையாக இருப்பார்.

நன்கொடை உறுதி எழுதினால் காணியின் பெறுமதிக்கு ஏற்ப முத்திரைத் தீர்வை அன்றே கட்ட வேண்டும். பிள்ளை ஏற்றுக்கொண்ட பின் மனம் மாறினாலும் திருப்பி எடுப்பது கடினம். பிள்ளை கடுமையாக நன்றி மறந்து நடந்தான் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான் வந்தது. எந்தத் தகப்பன் எழுபத்தைந்து வயதில் மகன் மீது அந்த வழக்கைப் போடப் போகிறார்? நன்கொடைதான் எழுதுவேன் என்றால் சீவிய உருத்தையும் (உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமை) இரத்துச் செய்யும் உரிமையையும் உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள். இரண்டும் உறுதியில் சொற்களாக இருக்க வேண்டும், வாய்ப்பேச்சில் இருந்தால் போதாது.

மரணசாசனத்துக்கு எழுதும்போது பெறுமதிப்படி தீர்வை இல்லை. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். அதன் செலவு பின்னால், நீதிமன்றத்தில் வரும். மொத்தத்தில் எது மலிவு என்பது பிள்ளைகள் எவ்வளவு ஒற்றுமை என்பதைப் பொறுத்தது. என் வாக்கு மரணசாசனத்துக்கே.

6. நொத்தாரிசிடம் போகும் நாள்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வழி தருகிறது. ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க நீங்கள் ஒப்பமிடலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஐயாவின் தாளில் இருந்தது இரண்டு சாட்சி. சமாதான நீதவான் நொத்தாரிசு ஆகமாட்டார், கிராம அலுவலரும் ஆகமாட்டார். அவர்கள் முத்திரை எத்தனை குத்தினாலும் கணக்கில் சேராது. ஐந்து சாட்சி வழி காகிதத்தில் மலிவு, ஆனால் பதினைந்து ஆண்டு கழித்து நீதிமன்றத்துக்கு அழைக்க அந்த ஐவரில் எவர் ஊரில் இருப்பார்? நொத்தாரிசிடமே போங்கள்.

சாட்சிகள் உங்களைத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். சொத்துப் பெறப் போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது. நின்றால் அவர்களுக்கு எழுதியது செல்லாமல் போகும். மருமகனை வண்டி ஓட்டக் கூட்டிப் போனால் வாசலிலேயே நிற்கச் சொல்லுங்கள்.

தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கைநாட்டு வைப்பவராக இருந்தால் இது இன்னும் முக்கியம். வயது கூடியவர், நோயாளி என்றால் அன்றைய திகதியில் ஒரு வைத்தியரிடம் ‘தெளிந்த புத்தியோடு இருக்கிறார்’ என்று கடிதம் வாங்கி வையுங்கள். மரணசாசன வழக்குகளில் முதலில் எழும் எதிர்ப்பு ‘அவருக்கு அப்போது நினைவில்லை’ என்பதுதான். நடக்க முடியாதவர் என்றால் நொத்தாரிசை வீட்டுக்கு அழைக்கலாம்.

மரணசாசனத்தில் எழுதியதை நடத்தி முடிக்க, நிறைவேற்றுநராக ஒருவரைப் பெயர் குறிக்க வேண்டும். நாட்டில் இருப்பவர், உங்களைவிட இளையவர், கோபக்காரர் அல்லாதவர். அவர் முடியாமல் போனால் யார் என்று இரண்டாவது பெயரும் எழுதுங்கள். காணிகளை ‘வீட்டுக்காணி’ என்று விடாமல் உறுதி இலக்கம், திகதி, நில அளவையாளர் வரைபட இலக்கம், எல்லை என்று விவரமாக எழுதுங்கள். கடைசியில் ‘இதில் குறிப்பிடாத மற்றெல்லாச் சொத்தும் இன்னாருக்கு’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். எழுதிய பின் வாங்கும் காணியை அந்த வரிதான் காப்பாற்றும்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த பிள்ளைக்கு உறுதிக் காணி எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில், நெருங்கிய உறவினர் வாரிசாகவோ மரணசாசனத்தாலோ பெறுவதற்கு விலக்கு இருக்கிறது.

கட்டணத்தை எழுதத் தொடங்குமுன் கேளுங்கள். ஒவ்வொரு நொத்தாரிசும் ஒவ்வொரு தொகை சொல்வார். இரண்டு பேரிடம் கேட்பதில் வெட்கம் இல்லை. பற்றுச்சீட்டு வாங்குங்கள். காலபோக அறுவடை முடிந்து, மாசி பங்குனியில் கையில் காசும் நேரமும் இருக்கும்போது இந்த வேலையை வைத்துக்கொள்வது வசதி.

7. காணி தவிர்ந்தவை

வங்கிக் கணக்குக்கு வங்கியிலேயே பெயர் நியமிக்கும் படிவம் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஊழியர் சேமலாப நிதிக்கும் அப்படியே. திருமணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்தவர்கள் போய் மாற்றுங்கள். அரச ஊழியரின் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் சட்டம் சொன்னவருக்குத்தான் போகும், அதை மரணசாசனத்தில் எழுதிப் பயனில்லை.

அடகில் இருக்கும் நகைக்குச் சீட்டு எங்கே என்று ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். உழவு இயந்திரத்தின் பதிவுப் புத்தகம் உங்கள் பெயரிலா, முதலில் வாங்கியவர் பெயரிலா என்று பாருங்கள். எங்களுடையது நான்கு கை மாறியும் முதல் ஆள் பெயரிலேயே இருந்தது. மாடுகளின் குறியையும் எழுதுங்கள். பட்டியில் யாருடைய குறி எது என்று தெரிந்தவர் ஐயா ஒருவர்தான். இரண்டு மாடு இன்றுவரை வழக்கில் நிற்கின்றன, வழக்கு என்றால் பக்கத்து வளவோடு பேச்சு வார்த்தை இல்லை என்று பொருள்.

கடனையும் எழுதுங்கள். சீட்டுக்காசு, உரக்கடைக் கணக்கு, கைமாற்று எல்லாமே. நீங்கள் கொடுக்க வேண்டியதை நீங்கள் எழுதாவிட்டால், செத்த வீட்டில் வந்து நிற்பவர் சொல்வதே தொகை.

8. எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது

ஒரு பிரதி நொத்தாரிசின் ஏட்டில் இருக்கும். உங்கள் கையில் உள்ளதைத் தண்ணீர் புகாத உறையில் வையுங்கள். நிறைவேற்றுநருக்கு நொத்தாரிசின் பெயரையும் திகதியையும் இலக்கத்தையும் கொடுங்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

திருமணம் செய்தால் அதற்கு முன் எழுதிய மரணசாசனம் இரத்தாகும். மறுமணத்துக்கும் இது பொருந்தும். ஒரு பிள்ளையோ துணையோ காலமானாலும், காணி விற்றாலும் வாங்கினாலும், பெர்மிட் அளிப்பாக மாறினாலும் எடுத்துப் பாருங்கள். பழையதில் பேனாவால் வெட்டித் திருத்தாதீர்கள், புதிதாக எழுதுங்கள்.

வெளிநாட்டில் உள்ளவர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தை (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்துக் காணி பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடுத்தவர் காலமான அன்றே அது முடிந்தது. அதன் பின் அதைக் காட்டி எழுதும் உறுதி வில்லங்கத்தை விலைக்கு வாங்குவதற்குச் சமம்.

9. காலமான பின், முதல் ஆறு மாதம்

மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பத்துப் பிரதியாக எடுங்கள், எல்லா இடமும் கேட்பார்கள். மரணசாசனம் இருந்தால் நிறைவேற்றுநர் சட்டத்தரணி மூலம் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்குத் தொடர வேண்டும். மூலம், சாட்சிகளின் சத்தியக்கடதாசி, சொத்துப் பட்டியல், பெறுமதி, வாரிசுகளின் பெயர்கள் தேவை. பத்திரிகை அறிவித்தல் வரும், எவரும் எதிர்க்காவிட்டால் மாதங்களில் முடியும், எதிர்த்தால் ஆண்டுகள். சட்டத்தரணியிடம் கட்டணத்தை முழு வழக்குக்கா, ஒவ்வொரு தவணைக்குமா என்று கேட்டுத் தெளியுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

அளிப்புக் காணிக்கு அந்த வழக்கை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். ஆறு மாதக் கணக்கு மரணத் திகதியிலிருந்து ஓடுகிறது. அந்தியேட்டி முடிந்த கிழமையே காணிக் கிளைக்குப் போய், பின்னுரித்தாளர் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

வயல் தங்கை பெயருக்கு வந்த மறுகிழமை அவள் தன் மகளின் பிறப்புப் பத்திரத்தோடு அதே காணிக் கிளைக்குப் போனாள். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனவள் பத்தரைக்கு வெளியே வந்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து மீண்டும் போய்ப் பதிவு இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள்.